சுந்தரம்மாள் வண்டி

காதரின் வெல்டிங் பட்டறை வாசலில் சுந்தரம்மாள் தன் டி.வி.எஸ். வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்டாண்டு போட்டிருந்தது, ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. பக்கத்தில் பழைய ஜீப்பும், அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய ரெண்டு சக்கர டிரெய்லரும் நின்றன. டிரெய்லரின் மேல் தகரத்தில் ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு கட்டில், அடியில் ஸ்டவ்வும் சாமான்களும், தலைமாட்டில் ஜீப் பக்கமாக ஒரு ஜன்னல். திருவிழாக்களுக்கு ஊர் ஊராகப் போய்க் குடை ராட்டினம் போடுகிற அவள் புருஷன் சோலைராஜும் அவளும் வருஷத்தில் பாதி நாள் குடியிருந்தது அதில்தான்.

மகள் பரிபூரணம் வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஆலங்குளம் போனதிலிருந்து சோலைராஜ் அவள் பேரை வாயில் எடுத்ததில்லை. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன மாதம் தகவல் வந்தது. சுந்தரம்மாள் அழவில்லை, சண்டை போடவில்லை. நர்ஸாக இருக்கும் தங்கையிடம் வண்டி ஓட்டப் பழகினாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. பிறகு தங்கையின் அந்தப் பழைய வண்டியையே கேட்டு வாங்கி வந்து புருஷன் முன்னால் நிறுத்தினாள்.

"நீங்க வர வேண்டாம். எந்த ஊர்ல ராட்டினம் போட்டாலும் நான் இதுல போயி அவளப் பாத்துட்டு, பொழுது சாயமுன்ன வந்துருவேன். இதையும் நம்மகூடக் கொண்டு போகணும், அம்புட்டுத்தான்."

மறுநாள் காலையில் சோலைராஜ் ஜீப்பைக் கிளப்பிவிட்டு, "அதையும் காதர் பட்டறைக்கு ஓட்டிட்டு வா" என்றார்.

காதர் முதலில் டிரெய்லரின் பின்பக்கம் இரும்புச் சட்டம் வைத்து வண்டியை ஏற்றிக் கட்டினான். சோலைராஜ் தென்காசி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துத் திரும்பி வந்தார். "வேகம் புடிச்சதும் டிரெய்லரு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுதுப்பா. ஜீப்பையே இழுக்குது."

"பின்னால பாரம் ஏறுனா ஆடத்தான் செய்யும் அண்ணாச்சி. முன்னால, கொக்கிக்கும் ரூமுக்கும் நடுவுல குறுக்க வச்சாத்தான் அமரும். ஆனா ஜன்னல் மறைஞ்சு போகும். ஜன்னல் கதவத் தொறக்க முடியாது."

மூச்சிரைப்பு வந்த நாளிலிருந்து அந்த ஜன்னல் காற்று இல்லாமல் சோலைராஜால் படுக்க முடியாது. எத்தனையோ இரவு எழுந்து உட்கார்ந்து, கம்பியில் முகத்தை வைத்தபடியே தூங்கியிருக்கிறார். இத்தோடு முடிந்தது என்று நினைத்து சுந்தரம்மாள் வண்டியை அவிழ்க்கப் போனாள்.

"விடு" என்றார் சோலைராஜ். "காதரு, முன்னாலயே வையி."

"ஒங்களுக்குக் காத்து வராதே" என்றாள் சுந்தரம்மாள்.

"பின்பக்கத் தகரத்த வெட்டி அங்கிட்டு ஒரு ஜன்னல் வச்சிக்கிடுவோம். தலைய மாத்திப் படுத்தாப் போச்சு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சாக்பீஸை வாங்கி, வெட்ட வேண்டிய இடத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடு கோணலாகப் போனது. அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ராட்டினம் இறங்கியது. மலைக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ராட்டினம் பூட்டி முடித்த மறுநாள் விடிந்ததும் சோலைராஜே கயிற்றை அவிழ்த்து, பலகையைச் சாய்த்து, வண்டியை இறக்கிக் கொடுத்தார். சுந்தரம்மாள் முறுக்குப் பொட்டலத்தையும் பழைய நூல்சேலைகளையும் பைக்குள் வைத்து ஹேண்டிலில் மாட்டினாள். பெடலை நாலு மிதி மிதித்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"போயிட்டு வாரேன்."

"ஏட்டி, செத்த நில்லு."

நின்றாள். அவர் வண்டியைச் சுற்றி வந்து டயரை அமுக்கிப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் அமுக்கினார்.

"பின்னால ஆளு ஒக்காந்தா இழுக்குமா?"

"எந் தங்கச்சிய வச்சு ஓட்டித்தான பழகுனேன்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் வந்து நின்றார். ராட்டினத்துக் குடைத்துணி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. சுந்தரம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை, இன்ஜினை அணைக்கவுமில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.