கிரேனைத் தூக்கிய சிற்பம்

ஆற்றங்கரைப் பூங்காவிலிருந்த இரும்புச் சிற்பம் ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, தன்னை அகற்ற வந்த கிரேனை நாலடி உயரம் தூக்கிவிட்டது. பின்சக்கரங்கள் மதியச் சாப்பாட்டு நேரம் வரை அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

திறந்தவெளி அருங்காட்சியகமான அந்தப் பூங்காவில் இருபத்திரண்டு சிற்பங்கள் உண்டு. வளைத்த தகடு, துளை போட்ட இரும்புக் கட்டி, ஒன்றையொன்று கட்டிப்பிடித்த குழாய்கள். இதெல்லாம் என்ன என்று பார்க்க வந்தவர்கள் கேட்டால், அவற்றைக் கழுவும் துப்புரவுக்காரி, "அர்த்தமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, முதுகுல எங்க அழுக்கு சேரும்னு தெரியும்" என்பாள். கணவன் இறந்த மறுவாரம் வேலைக்குச் சேர்ந்தவள். பத்தொன்பது வருட அழுகையை அந்த இரும்பின் மேல்தான் தேய்த்துத் தீர்த்திருந்தாள்.

ஆற்றைப் பார்த்தபடி ஓட்டல் கட்டவேண்டும் என்பதற்காகச் சிற்பங்களைப் பழைய இரும்புக்குப் போட நகராட்சி உத்தரவிட்டது. கிரேன் ஓட்டிவந்தது அவளுடைய மருமகன்.

"அத்தை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. என் வேலை போயிடும்."

"நீங்க தூக்குங்க மாப்பிள்ளை. நான் தடுக்கவா செய்றேன்? கழுவிக்கிட்டுதானே இருக்கேன்."

அவர் தூக்கினார். நடந்தது மேலே சொன்னதுதான். அடுத்த வாரம் வந்த பெரிய கிரேன் அச்சு வரை மண்ணில் புதைந்தது. ஆராய வந்த பொறியாளர், அவளுடைய ஈரத்துணி பட்ட பொருளை யாராலும் நகர்த்த முடியவில்லை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவளை வேலையைவிட்டு நீக்கினார்கள். மறுநாள் வீட்டு வாளியோடு வந்தாள். வாசலைப் பூட்டினார்கள். ஐம்பத்தெட்டு வயதில் சுவர் ஏறிக் குதித்தாள். அதற்கடுத்த நாள் அவள் கால் வைத்து ஏற மருமகன் இரு கைகளையும் கோத்துக் குனிந்து நின்றார். அவர் வேலையும் போனது. மகள் இருவரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டாவது வாளி ஒன்றை வாங்கி வைத்தாள்.

நான்கு வருடங்களில் மூன்று ஆணையர்கள் மாறினார்கள். ஓட்டல்காரர்கள் வேறு ஊர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பிறகு ஆற்றோரக் குடியிருப்பை இடிக்க நோட்டீஸ் ஒட்டியபோது, நாற்பது வீட்டாரும் அவளைத் தேடி வந்தார்கள். அவளும் மகளும் மருமகனும் போய், மூன்று நாள் ஒவ்வொரு சுவராகத் துடைத்தார்கள். நான்காம் நாள் வந்த புல்டோசர் முதல் வீட்டை மாலைவரை முட்டிப் பார்த்துவிட்டு நின்றுபோனது. இன்றும் தெருவின் நடுவே அங்கேயே நிற்கிறது. சனங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அதன் நீட்டிய கையில் துணி நன்றாகக் காய்கிறது.