கெட்டுப்போன படம்

நெவெனா கட்டிலுக்கடியில் இருந்த கடைசி அட்டைப்பெட்டியையும் இழுத்துக் கவிழ்த்தாள். அதிலும் மலைப் படங்கள்தான் கொட்டின. விடியலில் விஹ்ரென் சிகரம், சிவந்த பனி. படமெடுத்தவர் ஒன்றிலும் இல்லை.

அவற்றை எடுத்த அவள் புருஷன் ஸ்பாஸ் முன்னறையில் சவப்பெட்டியில் கிடந்தார். நண்பகலுக்குள் கறுப்புக் கரையிட்ட மரண அறிவிப்பை வாசல் கதவில் ஒட்டியாக வேண்டும். முகப்படம் இல்லாமல் அந்த ஊரில் யாரும் ஒட்டியதில்லை.

இழவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கக் கோதுமை வேகவைத்துக்கொண்டிருந்த நாத்தனார் கென்கா எட்டிப் பார்த்தாள்.

"அடையாள அட்டையில இருக்கறதக் குடுத்துடேன்."

"அதுல திருடன் மாதிரி இருக்காரு அக்கா."

"எதுல நல்லா இருந்தான்? கேமராவுக்கு முன்னாடி நின்னாலே அவனுக்கு மூஞ்சி கோணிக்கும்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு முன்னறை ஞாபகம் வந்து அடங்கினார்கள்.

பெட்டியின் அடியில், கெட்டுப்போனது என்று அவர் ஒதுக்கிய படம் ஒன்று கிடந்தது. சூரியனுக்கு முதுகு காட்டி எடுப்பவன் தன் நிழல் விழாத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். அன்று மட்டும் அவர் கவனிக்கவில்லை. பனியில் அவர் நிழல் நீளமாக விழுந்திருந்தது. அதில் சாய்ந்தபடி இன்னொரு நிழல், நெவெனாவுடையது.

கல்யாணமான முதல் குளிர்காலம் அது. கால் விறைத்துப்போய், இறங்கும் வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்தாள். இனிமேல் என்னைக் கூப்பிடவே கூப்பிடாதே என்றாள். மனுஷன் அதை அப்படியே நம்பிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அவர் இருட்டில் பூட்ஸ் மாட்டும் சத்தத்தைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறாள். இன்றைக்குக் கூப்பிடுவார் என்று காத்திருப்பாள். கூப்பிட்டிருந்தால் வெறுங்காலோடு போயிருப்பாள். அதை வாய்விட்டுச் சொல்ல வீம்பு விடவில்லை.

"இதையா போடப் போற? மூஞ்சியே இல்லையே," என்றாள் கென்கா.

"அவரு நிக்கிற நிப்பு போதும். ஊருக்கே தெரியும்."

"சரி, உன் நிழலையாவது வெட்டச் சொல்லு. உசுரோட இருக்கறவ சாவுத்தாள்ல நிக்கக் கூடாது."

நெவெனா படத்தோடு தெருவில் இறங்கினாள். அச்சுக்கடைக்காரரும் எங்கே வெட்டுவது என்றுதான் கேட்டார். தோளோடு தோள் கலந்திருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தவள், "வெட்டாதீங்க," என்றாள்.

வாசல் கதவில் அவள் பசை தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு லாம்போ தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"கூட யாரும்மா அது?"

"நான்தான். கூப்பிட்டாரு, போனேன்."

காற்றில் தாளின் ஒரு மூலை எழும்பியது. அது ஒட்டும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.