கூழ் வீட்டுக்காரியின் பயணப்பெட்டி

மஞ்சள் கயிறு கையில் ஏறி, கடைசி முடிச்சும் விழுந்த பிறகுதான் அம்சாவுக்குச் சுரீரென்றது. அட பாவி மனுஷி, என்ன காரியம் பண்ணித் தொலைத்தாள்! நாளைக்குச் சாயங்காலம் விமானம். அதுவும் இத்தாலிக்கு. பெட்டி கட்டி, பூட்டுப் போட்டு, கட்டில் பக்கத்தில் தயாராக நிற்கிறது. இவளோ பொன்னியம்மன் கோயிலில், பம்பை முழங்க, காப்புக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஆடி பிறந்தால் திருத்தணியில் மலைமேல் முருகனுக்குக் காவடி, கீழே தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ். அம்சாவின் தெருவில் கூழ் வீடு என்று ஒரு வீடு உண்டு. அவள் வாழ்க்கைப்பட்ட வீடு அதுதான். அந்த வீட்டு மருமகள் ஒருத்தி காப்புக் கட்டி, விரதம் இருந்து, கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, அண்டா அண்டாவாகக் கிண்டி, குண்டான் ஏந்தி வரிசையில் நிற்கும் ஊருக்கு ஊற்ற வேண்டும். ஊற்றி முடிக்கும்வரை அவள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அம்மன் சும்மா விடமாட்டாள்.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து காப்பு அம்சா கையில்தான். இந்த வருஷம் மட்டும் கொழுந்தன் பெண்டாட்டி பிரேமா கட்டிக்கொள்வதாகப் பேச்சு. ஆனால் பூசாரி வீரபத்திரன் கயிற்றோடு வந்து நின்றதும், அம்சாவின் கை அம்சாவைக் கேட்காமலே நீண்டுவிட்டது. அவரும் வழக்கம்போலக் கட்டிவிட்டார். பழகின கைக்குப் புத்தி ஏது?

இந்த இத்தாலி ஆசையைக் கிளப்பிவிட்டவள் மகள் சௌமியா. சென்னையில் வேலை பார்க்கிறாள். ஊர் உலகத்துப் பெண்கள் சம்பளத்தில் நகை வாங்கினால், இவள் லீவு போட்டுவிட்டு உலகத்தில் எங்கே சாப்பாட்டுத் திருவிழா என்று தேடிப் பறப்பாள். கொரியாவில் ஊரே உட்கார்ந்து ஊறுகாய் போடுகிறதாம், ஓடினாள். ஸ்பெயினில் தக்காளியைத் தின்னாமல் ஒருத்தர்மேல் ஒருத்தர் அடித்துக்கொள்கிறார்களாம், அதற்கும் ஓடினாள். "இதுக்குக் கால்ல சக்கரம் கட்டிகினு பொறந்துருக்குது," என்று அவள் அப்பா பெருமாள் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தச் சக்கரம் யார் காலிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. மகள் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டு அம்சா வீட்டுக்கும் வாசலுக்குமாக நடப்பாள். ரயில் சத்தம் கேட்டால் கை வேலை நின்றுவிடும். இந்த வருஷம் சௌமியா, "அம்மா, இத்தாலில ஒரு மலைக் கிராமம். மக்காச்சோள மாவுல நம்ம கூழ் மாதிரியே பெரிய அண்டாவுல கிண்டி எல்லாருக்கும் ஊத்தறாங்க. என்கூட வரியா?" என்று கேட்டாள். கேட்ட வாய் மூடுவதற்குள் அம்சா ஆங் என்றாள். விசா கிடைக்காது என்ற தைரியத்தில் பெருமாளும் ஆங் என்றார். விசா கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது அவருக்குக் கொண்டாட்டம். வீடு திரும்பியவள் கையில் காப்பைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பாத்தியா? அம்மனே புடிச்சி உக்கார வெச்சிட்டா. பொட்டிய எடுத்துப் பரண்ல போடு."

அம்சா போனை எடுத்தாள். சௌமியா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கயிறுதானேம்மா, அவுத்துப் போட்டுட்டு வா. நைனாவ நான் பாத்துக்கறேன்," என்றாள். "வாய மூடுடி," என்று அம்சா போனை வைத்துவிட்டாள். பயம்தான், வேறென்ன? மகளுக்கு அது கயிறு. இவளுக்கு அது பொன்னியம்மன்.

ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. மாவைச் சலித்தாள், பாதியில் விட்டாள். பெட்டியைத் திறந்தாள், மூடினாள். வெளியே காவடிக் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போனது. எந்தெந்த ஊர்க்காரர்களோ இங்கே வந்துகொண்டிருக்க, தான் மட்டும் போக முடியாமல் கிடப்பது அவளுக்கு அழுகையாக வந்தது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. பொழுது சாய்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். என்னவோ ஏதோ என்று பிரேமா பின்னாலேயே ஓடினாள். அவளுக்கும் பின்னால் பெருமாள்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாருன்னு சொல்லுவாங்க. நீ குடுப்பியா மாட்டியா?" என்று வீரபத்திரனிடம் நேராகக் கேட்டாள் அம்சா.

அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "சாவுக்கும் பிரசவத்துக்கும் அவுத்துருக்கோம்மா. அவுத்து, அதே வூட்டுல இன்னொரு மருமவ கையில கட்டுவோம். ஆனா காரணத்த அம்மன் எதிர்ல, நாலு பேர் காதுல விழற மாதிரி நீதான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

நாலு பேர் என்ன, தெருப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் பந்தலுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கையும் நின்றது. பெருமாள் முந்திக்கொண்டார். "இன்னா காரணம் சொல்லுவா? கூழ் ஊத்தற வூட்டுப் பொம்பள, கூழு குடிக்கக் கடல் தாண்டிப் போறாளாம்! இங்க இல்லாத கூழா அங்க கீது?" யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அம்சாவுக்கு முகம் சிவந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் அவளை வாட்டியது. அங்கேயும் மாவு, தண்ணீர், அண்டாதான். இதற்குப்போய் ஏன் இப்படிப் பறக்கிறோம் என்று அவளும் தன்னைக் கேட்டுப் பார்க்காமல் இல்லை. அம்மனை நிமிர்ந்து பார்த்தாள். பதில் தானாக வந்தது.

"அங்க கிண்டறது நான் இல்லீங்க," என்றாள்.

அம்மனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"தாயே, கோச்சிக்காத. இந்த வூட்டுக்கு வந்ததுலருந்து ஊத்தினுதான் கீறேன். ஊருக்கெல்லாம் ஊத்தி முடிச்சி, அண்டாவச் சொரண்டி அடிக்கூழு குடிச்சவ நான். உன் கூழு நல்லாக் கீதா, உப்பு சரியாக் கீதான்னு நின்னு குடிச்சிப் பாத்தது கெடையாது. ஒரு தடவ நானும் வரிசைல நிக்கணும். எவளோ ஒருத்தி, எனக்குப் பேரு தெரியாதவ, எனக்கு ஊத்தணும். அவ்ளோதான் காரணம். இது பத்தாதுன்னா கட்டுன கை கட்டுனபடியே இருக்கட்டும்."

தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள். வீரபத்திரன் அம்மனைப் பார்த்தார், பெருமாளைப் பார்த்தார், அப்புறம் அம்சாவின் கையைப் பிடித்து முடிச்சைத் தேடினார். ஈரக் கயிறு இறுகிப்போய் இருந்தது. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். பிரேமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தன் கையை நீட்டினாள்.

கயிறு கை மாறும்போது பிரேமா அம்சாவின் காதோரம் குனிந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றாலும் குரலில் கேலி போகவில்லை.

"பெரிய குண்டானா எடுத்துகினு போக்கா," என்றாள்.