கண்ணாடிக் கூடத்துக் கறிவேப்பிலை

தொண்ணூற்றேழாம் ஆண்டு டிசம்பரில், குழாய்த் தண்ணீரும் உறைந்துபோன ஒரு காலையில், குலசேகரம் தன் கறிவேப்பிலை மரத்தைச் சீனாவிடமிருந்து மீட்கப் போனார்.

சீனா வெகுதூரமில்லை. லண்டன் கிங்ஸ்பரியில் அவர் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம், லிம் என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதியின் கண்ணாடிக் கூடம். லிம் பிறந்தது மலேசியாவில், ஈப்போவில். சீனாவை அவரும் தொலைக்காட்சியில்தான் கண்டவர். பதின்மூன்று குளிர்காலம் அந்த மரம் அவருடைய கூடத்தில்தான் உயிர் பிழைத்தது. அதற்கென்றே ஒரு ஹீட்டர் வாங்கி வைத்திருந்தார். குலசேகரத்தின் மனைவி தவமலர் நினைத்த நேரம் வந்து இலை ஆயட்டும் என்று வேலியில் ஒரு பலகையையும் கழற்றிவிட்டார். அந்த இலை தாளிதத்தில் விழுந்தால் அடுத்த ஸ்டேஷனான வெம்பிளியில் இறங்கவேண்டியவர்கள் கிங்ஸ்பரியில் இறங்கிவிடுவார்கள் என்பது குலசேகரத்தின் கணக்கு.

குழப்பம் ஹூஸ்டனிலிருந்து வந்தது. தவமலரின் அண்ணன் வைத்தியநாதன் விடுமுறைக்கு வந்திருந்தார். அமெரிக்கக் குடியுரிமையோடு ஒரு கட்சியையும் எடுத்துக்கொண்டவர். கட்சிக்குத் தடிமன் என்றால் இவர் தும்முவார். மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் சீனனைத் தவிர வேறு கறி இல்லை. வேலிப் பலகை கழன்றிருப்பதைக் கண்டதும் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"மச்சான், எண்பத்து நாலில சீனன் எங்கட ஆள் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்று கேட்டார் குலசேகரம்.

"அப்ப ரஷ்யன் இருந்தவன்."

"இந்த மனுசன் ஈப்போக்காரன்."

"அது இன்னும் மோசம். உளவு பார்க்க வெளியில விட்டு வைச்சிருக்கிறாங்கள்."

அமெரிக்காவிலிருந்து வந்தவர் பிழையாகச் சொல்லமாட்டார் என்பது அந்த வீட்டு வழக்கம். குலசேகரம் போனார்.

லிம் காரணம் கேட்கவில்லை. சமையலறை ஜன்னலால் வேலி தாண்டி வந்த மூன்று நாள் பேச்சில் 'சைனா' என்ற சொல்லைப் பிடிக்க எவருக்கும் தமிழ் தேவையில்லை. தொட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமைக்குள் மரம் மொட்டையானது. வைத்தியநாதன் விமானம் ஏறிவிட்டார்.

"இஞ்சேருங்கோ," என்றாள் தவமலர், வெறும் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி. "போய்க் கேளுங்கோவன்."

"நீ போ. உன்ர அண்ணை தானே."

அவள் அடுப்பை அணைத்தாள். நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியது. வெளியே சுத்தியல் சத்தம். லிம் பலகையை அதன் பழைய இடத்தில் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கடைசி ஆணி இறங்கும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு பலகையின் இடுக்கால் மெல்லிய சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. கூடத்தில் ஹீட்டர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.