வேண்டாமென்று சொல்லவில்லையே

தேயிலைத் தோட்டத்து ஆபீசான எங்கள் அட்டன் கந்தோருக்கு எண்பத்தேழில் கம்ப்யூட்டர் வந்தபோது, அதோடு சேர்ந்து டிக்கோயா சிறிலும் வந்தான். கொழும்பில் படித்தவன். கெட்டிக்காரன்தான், அது அவனுக்கும் தெரிந்திருந்ததுதான் எங்கள் கஷ்டம்.

தோட்டத்துக் கணக்குகளை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று அந்தப் பெட்டி தீர்மானிக்க அவன்தான் புரோகிராம் எழுதினான். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண். பூச்சியம் என்றால் கூடாது, ஒன்று என்றால் பார்க்கலாம், இரண்டு என்றால் மாற்றலாம். தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்த டீமேக்கர் செல்லசாமிக்கு எந்த எண்ணைக் கொடுப்பது என்று, தோட்டத்தை நடத்தும் துரை இன்னும் சொல்லவில்லை. சிறில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தான்.

ஒரு காலை, கணக்குகளைப் பதியும் பெற்றீசியா கம்ப்யூட்டரில் செல்லசாமியின் பெயரைத் தட்டி உள்ளே போய்விட்டாள். போனவள் சும்மா வரவில்லை. கொழுந்து எடுத்தவர்களின் பட்டியலில் 'சிறில், மூன்று கிலோ, அரைப்பேர்' என்று எழுதிவிட்டு அவனைக் கூப்பிட்டாள். அரை நாள் சம்பளத்துக்குத்தான் ஆள் லாயக்கு என்று பொருள். வாயிலிருந்த பிளேன்டீயைத் துப்பாமல் விழுங்குவது எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

"இது எப்படித் தொறந்துச்சு?" என்றான் சிறில்.

"நீங்கதானே எழுதுனீங்க? நீங்கதான் சொல்லணும்."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பூச்சியம் இருந்தாத்தான் நிறுத்தச் சொல்லியிருக்கேன். இவருக்கு ஒண்ணுமே போடல. வேணாம்னு யாரும் சொல்லல, அதான் விட்டுருச்சு."

"வேணாம்னு சொல்லாட்டி சரின்னு அர்த்தமா?" என்றாள் பெற்றீசியா. "போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் என்னையக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல. இந்த ஞாயித்துக்கெழம ஒங்கம்மா பொண்ணு கேட்டு வர்றாங்களாமே?"

சிறிலின் முகம் செத்துப்போனது. அவன்மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் போய், பாவமாக இருந்தது.

அன்று பகல் சாப்பாட்டுக்கும் அவன் எழும்பவில்லை. ஒன்றோ இரண்டோ தெளிவாக இருந்தால் மட்டும் விடு, வெறுமையோ வேறு எதுவோ இருந்தால் நிறுத்து என்று மாற்றி எழுதினான். செல்லசாமியின் பெயரைத் தட்டிப் பார்த்தான். திறக்கவில்லை. பிறகு பஸ் பிடித்து டிக்கோயாவுக்குப் போய், பெண் கேட்டு வரவேண்டாமென்று அம்மாவிடம் சொன்னான். அவர் அழுதாராம்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. திங்கட்கிழமை, நாங்கள் எல்லோரும் பார்த்திருக்க, பெற்றீசியாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"என்னையக் கட்டிக்கச் சம்மதமா? இல்லைன்னாலும் சொல்லிருங்க."

"சம்மதம்," என்றாள் அவள், கடைசி மேசைவரை கேட்கும்படி.

சிறில் வாசலுக்கே பாய்ந்துவிட்டான். "அம்மாவ வரச் சொல்லிட்டு வந்துர்றேன்!"

"சிறில்! அதுக்கு நான் சரின்னு சொன்னேனா?"

கதவில் வைத்த கையோடு நின்றான். பிறகு திரும்பி வந்து, அதையும் தனிக் கேள்வியாகக் கேட்டான்.