முன்னால் பிடிக்கிறவன்

கண்ணாடிக் கிடங்கில் ஆளுயரக் கண்ணாடியை இருவர் சேர்ந்து தூக்குவார்கள். முன்னால் பிடிக்கிறவன் வழி சொல்ல வேண்டும். பின்னால் பிடிக்கிறவன் அந்தக் குரலை நம்பிக் காலை எடுத்து வைக்க வேண்டும். குட்டையன் முன்னால், நெட்டையன் பின்னால் என்று தலை நரைக்கும்வரை தூக்கினார்கள். கேலியும் கிண்டலும் கூடவே நடக்கும்.

முதலாளி ஒருநாள் குட்டையனை மேஸ்திரியாக்கி, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டுக் கொடுத்தார். பெண்டாட்டி தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள். குட்டையனுக்கோ முள்மேல் உட்கார்ந்தது போலிருந்தது. முதுகு வலிக்குத் தானே வேண்டிக் கிடைத்ததற்கு முகத்தைத் தொங்கப்போட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்று வாயைத் திறக்கவில்லை.

சில நாள் கழித்து நெட்டையன் புது ஆள் ஒருவனோடு கண்ணாடி தூக்கி வந்தான். தூண் அருகே வந்ததும் நாற்காலியில் இருந்த குட்டையனின் வாய் தன்னால் திறந்துகொண்டது.

"இடப்பக்கம் திரும்பு."

பழகிய குரலாயிற்றே, நெட்டையன் திரும்பிவிட்டான். முன்னால் பிடித்த புது ஆள் நேரே போனான். கண்ணாடி தூணில் மோதிச் சிதறியது. நெட்டையனின் கை கிழிந்தது.

கட்டுப் போடும்போது நெட்டையன் சொன்னான், "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடுடா மேஸ்திரி."

வீட்டில் குட்டையன் பெண்டாட்டியிடம் சொன்னான், "பழைய வேலையையே கேக்கப்போறேன்."

"முதுகு போச்சு, முதுகு போச்சுன்னு முனகுனது யாரு, நானா?"

"முதுகு வலிச்சுது. ஆனா சோறு இறங்குச்சு."

"உங்க தம்பி பெண்டாட்டி மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?" என்றவள் பாயை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

காலையில் குட்டையன் போய்க் கேட்டதும் முதலாளி, "இறங்குனா இறங்குனதுதான், மறுபடி ஏத்தமாட்டேன்" என்றார். குட்டையன் சரியென்று தலையாட்டிவிட்டு, நெஞ்சு லேசாகி நெட்டையனிடம் ஓடினான்.

"கை ஆறட்டும்டா. பழையபடி நாம ரெண்டு பேருதான்."

நெட்டையன் கைக்கட்டைத் தடவினான். "அந்த நாற்காலி காலியானா எனக்குன்னு நேத்தே கேட்டு வச்சிருக்கேன். தர்றேன்னுட்டாரு."

"உனக்கு எதுக்குடா? என்கூடத் தூக்குறப்ப எப்படிச் சிரிப்ப நீ."

"சிரிக்காம எப்படித் தூக்குறது? பயம்டா எனக்கு, தினம். பின்னாடி நிக்கிறவனுக்கு என்ன தெரியும், உன் முதுகுதான் தெரியும். புள்ளைங்க இருந்துச்சு, தூக்குனேன்."

குட்டையன் ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு, மற்றதை மாட்டாமல் நின்றான்.

"அண்ணே, கண்ணாடி ஏத்த வண்டி காத்திருக்கு, வாங்க" என்று புது ஆள் குட்டையனைக் கூப்பிட்டான்.