பம்பாய் நிபுணரும் அரளிப் பூவும்

எழுபத்துநாலாம் வருஷம் ஆடி மாதம் காசிராஜனுக்கு வந்த சோதனை எதிரிக்கும் வரக்கூடாது. அருப்புக்கோட்டையில் அவருடையது மிளகாய் வத்தல் கமிஷன் கடை. திருச்சுழிப் பக்கத்துக் காடுகளில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் மாசியில் வத்தல் மூடைகளைக் கொண்டுவந்து விலை பேசாமலே போட்டுவிட்டுப் போவார்கள். பணம் தேவைப்படுகிற அன்றைக்கு வந்து நின்றால், அன்றைய விலைக்கு எண்ணிக் கொடுக்க வேண்டும். எழுத்துக் கிடையாது, வாய்ச்சொல்தான். கடையின் பெயரே அதில்தான் நின்றது.

அந்த ஆடியில் வத்தல் விலை உச்சாணிக் கொம்பில் இருந்தது. நாலு மூடை போட்டிருந்த சம்சாரி இருளப்பசாமி பஸ் ஏறி வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, உழவு மாட்டுல ஒண்ணு செத்துப் போச்சு. நாலு மூடைக்கும் விலையைப் போட்டுக் குடுங்க. மழைக்கு முந்தி மாடு பிடிக்கணும்."

நியாயமான கேள்விதான். ஆனால் விலைவாசியை இறக்குகிறோம் என்று டெல்லியில் சர்க்கார் கையெழுத்துப் போட்டதில், இங்கே பேங்க்காரர் சரக்கின் மேல் கொடுக்கிற லோனை நிறுத்திவிட்டு, பழைய லோனையும் கட்டு என்று நெருக்கிக்கொண்டிருந்தார். வெளியூர் வியாபாரிகளுக்கும் அதே கதி, சரக்கைக் கடனுக்குத்தான் கேட்டார்கள். கல்லா துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. காசிராஜன் கடையில் பணமில்லை என்று ஒரு பேச்சுக் கிளம்பினால், மறுநாளே அத்தனை சம்சாரிகளும் வாசலில் நிற்பார்கள்.

அவர் பேப்பரை விரித்தார். அதில் இரண்டு பொருளாதார நிபுணர்கள் கருத்துச் சொல்லியிருந்தார்கள். விலை தீபாவளி வரை ஏறும் என்றார் பம்பாய்க்காரர். இரண்டே மாதத்தில் சரியும் என்றார் டெல்லிக்காரர். இரண்டு பேரும் படித்த படிப்பு பெரிய படிப்பு, வத்தல் மூடையைத் தொட்டு ஒரு தும்மல் போட்டவர்கள் இல்லை. காசிராஜன் பம்பாய்க்காரரை மட்டும் வாசித்துக் காட்டினார்.

"பொறுத்தா கூடக் கிடைக்குங்கிறாக."

இருளப்பசாமி தலையைச் சொறிந்தார். "படிச்சவுக சொன்னா சரிதான். இருந்தாலும் நம்ம சாமியையும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

சந்தைப் பக்கத்துக் கருப்பசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வாழை இலையில் மடித்து நூல் சுற்றியது. வெள்ளை வந்தால் பொறுக்க வேண்டும், சிவப்பு வந்தால் விற்க வேண்டும். "சரக்கு உங்க கடையில கெடக்கு, நீங்களே எடுங்க" என்று சொல்லிவிட்டு இருளப்பசாமி கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

காசிராஜன் ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. அதை வேட்டி மடியில் செருகிவிட்டு மற்றதைப் பிரித்தார்.

"வெள்ளை," என்றார்.

இருளப்பசாமி அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஊருக்குப் போனார்.

புரட்டாசியில் விலை இறங்க ஆரம்பித்தது. காசிராஜனுக்குச் சோறு இறங்கவில்லை. விலை திரும்ப ஏறும் என்று சொல்ல ஒரு நிபுணராவது இருக்கமாட்டாரா என்று தினமும் பேப்பரைத் துழாவினார். ஐப்பசியில் அதே பம்பாய்க்காரர் எழுதியிருந்தார்: விலைவாசியின் முதுகெலும்பு முறிந்தது, நாட்டுக்கு நல்ல காலம், இதை அவர் முன்பே எதிர்பார்த்தாராம். காசிராஜன் பேப்பரைக் கசக்கி எறிந்தார், பிறகு எடுத்து நீவி மறுபடியும் வாசித்தார்.

மழை பெய்த நாலாம் நாள் இருளப்பசாமி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"விலை பாதியாப் போச்சு. பாதி மாடு யாரு தருவா அண்ணாச்சி? காடு ஈரமாக் கெடக்கு, ஒத்தை மாட்டை வச்சுக்கிட்டு நிக்கிறேன். காட்டை ஒத்திக்கு விட்டுட்டு, வீட்டுக்காரி சந்தனம்மாளைக் கூட்டிக்கிட்டுக் கல்லுடைக்கப் போயிரலாமான்னு இருக்கு." மடியிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். "போகவா, இருக்கவான்னு சாமிகிட்டக் கேட்டுருவோம். அன்னைக்கு மாதிரி நீங்களே எடுங்க."

காசிராஜனுக்குக் கை நீளவில்லை.

"அண்ணே, அன்னைக்கு வந்தது சிவப்பு. நான்தான் மாத்திச் சொன்னேன். எங்கிட்டப் பணமில்ல."

இருளப்பசாமி பொட்டலங்களைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

"அப்ப எங்க சாமி சரியாத்தான் சொல்லிருக்கு," என்றார். "நாலு மூடையையும் எடுத்து வைங்க. பஸ்ஸுல போட்டுக்கிட்டுப் போறேன்."

பந்தல்குடிச் சம்சாரி பால்சாமி தன் மூடைகளுக்கு விலை கேட்க வந்து, அத்தனையும் கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார்.

"என்னோடதையும் எடுத்து வச்சிருங்க அண்ணாச்சி," என்றார்.